கட்டத்துக்குள் அடங்காத பெயர்

கொடைக்கானல் மேல்மலையில் உள்ள கூக்காலில், என் உறவினரின் மகன் பின்லாந்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தான். ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டம் வந்ததும் தயங்கி நின்றான். அவனிடம் இருந்தவை ஒரு பெயரும், தந்தையைக் குறிக்கும் ஒற்றைத் தலைப்பெழுத்தும் மட்டுமே. “சாதிப் பட்டத்தைப் போட்டுவிடலாமே” என்றார் அருகில் இருந்த ஒருவர். நான் வேண்டாம் என்றேன்.

குடும்பப் பெயர் கேட்கும் அந்த நாட்டிலேயே, நூறாண்டுகளுக்கு முன்புவரை எல்லோருக்கும் நிலையான குடும்பப் பெயர் இருக்கவில்லை. கிழக்குப் பின்லாந்தில் ‘நென்’ என்று முடியும் பெயர்கள் பல நூற்றாண்டுகளாகத் தலைமுறைதோறும் தொடர்ந்தன. மேற்கிலோ, தந்தையின் பெயருடன் ‘மகன்’ அல்லது ‘மகள்’ என்ற சொல்லைச் சேர்த்தார்கள். அல்லது வாழும் பண்ணையின் பெயரால் அறியப்பட்டார்கள். பண்ணை மாறினால் பெயரும் மாறும். மனைவியின் பண்ணைக்குக் குடிபோன ஆண், அப்பண்ணையின் பெயரையே ஏற்பான். 1920-இல் இயற்றப்பட்ட சட்டமே குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கியது. இன்று அங்கே பரவலாக உள்ள ‘மேக்கினென்’ என்ற பெயர், குன்றைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. கூக்கால்காரர்களுக்கும் அது பொருந்தும்!

பெயரை மாற்றுவது ஓர் அரசியல் செயலும்கூட. 1906-இல், சிந்தனையாளர் ஸ்னெல்மனின் நூற்றாண்டையொட்டி, பல்லாயிரம் பின்லாந்தியர் தங்கள் ஸ்வீடிஷ் மொழிப் பெயர்களைப் பின்னிஷ் மொழிக்கு மாற்றிக்கொண்டனர். 1929-இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களைத் துறக்குமாறு அழைத்தது. அவர்கள் ஒரு குடும்பப் பெயரை விட்டு வேறொன்றை ஏற்றார்கள். நாம் பட்டத்தை விட்டு, அந்த இடத்தை வெற்றிடமாகவே வைத்துக்கொண்டோம். பெயரைக் கேட்டதும் சாதியை அறிய முடியாத அந்த வெற்றிடம், போராடிப் பெற்ற பேறு. வெளிநாட்டு விண்ணப்பத்தின் ஒரு கட்டத்துக்காக அதை இழக்கலாகாது.

ஆனால், அதற்கு நாம் கொடுக்கும் விலையும் உண்டு. தலைப்பெழுத்து ஒரு தலைமுறையோடு நின்றுவிடுகிறது. தாயை அது பெரும்பாலும் சொல்வதே இல்லை. பின்லாந்தில் தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டினால் பல தலைமுறை முன்னோரைக் காணலாம். நமக்கோ நினைவே பதிவேடு. தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்பதால்தான் ‘பெயரன்’ என்றோம். அதுவே பேரன் ஆயிற்று. இந்தப் பையனும் பூம்பாறை குழந்தை வேலப்பரின் பெயர்கொண்ட தன் தாத்தாவின் பெயரையே தாங்குகிறான்.

இறுதியில், குடும்பப் பெயருக்கான கட்டத்தில் தந்தையின் பெயரை எழுதினோம். பின்னர் அவனுடைய அப்பத்தாவிடம் முன்னோரின் பெயர்களைக் கேட்டோம். கணவர் வழியில் நான்கு தலைமுறை ஆண்களைத் தடையின்றிச் சொன்னார். பெண்களைக் கேட்டபோது, தம் மாமியாரோடு நின்றுவிட்டார். அதற்கு முந்தைய பெண்களை ‘அப்பத்தா’, ‘அம்மாச்சி’ என்று அழைத்தார்களே தவிர, பெயர் யாருக்கும் தெரியாது.

கட்டத்தை எப்படியும் நிரப்பிவிடலாம். எழுதிவைக்காத பாட்டியின் பெயரை எந்தச் சட்டமும் மீட்டுத் தராது. நம் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேட்டு எழுதிவைப்போம். பெண்களின் பெயர்களை முதலில் எழுதுவோம்.