மெழுகில் ஒரு பாட்டு!

சுவாமிமலை ஸ்தபதிகள் முதலில் சாமியை மெழுகில்தான் செய்கிறார்கள். மூக்கு சரியில்லையா? உருட்டிப் போட்டுவிட்டு வேறு மூக்கு! அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகத்தை ஊற்றியாச்சு என்றால் அப்புறம் உளியும் அரமும்தான்.

வீட்டில் கம்ப்யூட்டரில் பாட்டுப் போடுவதும் இந்த மெழுகு வேலைதான். சுருதியை இறக்கணுமா? வயலினைத் தூக்கிவிட்டுப் புல்லாங்குழலா? மவுஸைத் தட்டினால் போதும். காரணம், 1983-ல் வந்த 'மிடி' என்ற ஏற்பாடு. அதில் ஓசையே கிடையாது! எந்த ஸ்வரம், எப்போது, எவ்வளவு அழுத்தம் என்ற குறிப்பு மட்டும். ஹோட்டல் சர்வர் எழுதும் சீட்டு மாதிரி. தோசை சுடுவது உள்ளே இருக்கும் மாஸ்டர்!

1986-ல் 'புன்னகை மன்னன்' படத்திலேயே இளையராஜா கம்ப்யூட்டர் இசையைக் கொண்டுவந்தார். 1989-ல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டுக் கொல்லையில் ஸ்டூடியோ கட்டினார் ரஹ்மான். 1992-ல் 'ரோஜா'. அன்றைக்கு அதற்கெல்லாம் பெரும் பணம் வேண்டும். இன்று 'எல்.எம்.எம்.எஸ்.', 'ஆடாசிட்டி' இரண்டும் இலவசம். என் பி.காம். மூளைக்கு இதுபோதும், பற்றுப் பக்கம் பூஜ்யம்! புரியாவிட்டால் உங்கள் பையனைக் கேளுங்கள். மகன் அப்பாவுக்கு உபதேசம் செய்த ஊர்தானே இது!

ஆனால் தோடியைப் போட்டுப் பாருங்கள், தெரியும் சேதி. காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்கணும். கம்ப்யூட்டரோ ஆணியடித்த மாதிரி நிறுத்தும். ஸ்வரத்தை வளைக்க 'மிடி'யில் 16,384 படிகள் உண்டு. எலியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வளைவாக வரைந்தால் பல்லவிக்கே பொழுது விடிந்துவிடும்.

கும்பகோணம் தாண்டினால் நரசிங்கம்பேட்டை. தோடிக்கே பேர் போன ராஜரத்தினம் பிள்ளைக்கு நீளமான நாதஸ்வரம் செய்து கொடுத்தவர் அந்த ஊர் ரங்கநாதன் ஆசாரி. அதில் விரல் வைக்க ஏழே துளைதான். மிச்சத்தை மூச்சும் உதடும் பார்த்துக்கொள்ளும்!

கோயில்களில் பொத்தானை அமுக்கினால் தானே அடிக்கும் மேளம் வந்து, மேளக்காரர் பிழைப்பு ஏற்கெனவே ஆட்டம் கண்டிருக்கிறது. வீட்டுப் பாட்டிலுமா? தாளம், தந்தி வாத்தியம் எல்லாம் கம்ப்யூட்டரில் முடித்துக்கொள்ளுங்கள். நாதஸ்வரத்துக்கு மட்டும் பக்கத்து ஊர் வித்வானைக் கூப்பிடுங்கள். சுவரில் ஜமக்காளத்தைத் தொங்கவிட்டு, மைக்கை ஏழெட்டு அடி தள்ளி வையுங்கள். கிட்டே வைத்தால் மைக் அலறும். உங்கள் பாட்டின் சுருதியை அவர் நாதஸ்வரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு க்ளிக் வேலை. அவரால் குழலை மாற்ற முடியாது.

சன்மானத்தை மட்டும் முதல் நாளே பேசிவிடுங்கள், சார்!