புதிய வளவில் வேலி, மரங்கள், கோழிக்கூடு ஆகியவற்றை அமைத்தல்

வன்னிப் பெருநிலப்பரப்பிற் புதிதாக வீடு கட்டிக் குடியேறும் கமக்காரர், வயலுக்கும் தோட்டத்துக்கும் செலுத்தும் கவனத்தில் ஒரு பங்கையேனும் வீட்டு வளவுக்குச் செலுத்துவது அரிது. நெற்செய்கையில் நேர்ந்த பிழையை அடுத்த போகத்திலே திருத்திக்கொள்ளலாம். ஆனால் நட்ட மாமரம் தவறான இடத்தில் நிற்கின்றதென்பது ஏழெட்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே புலப்படும். அப்பொழுது அதனை வெட்டவும் மனம் வராது; விட்டுவைக்கவும் இயலாது.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் வழியாகக் குளங்களை அண்டிக் காணி பெற்றோர், காடு வெட்டிய நிலத்தில் வளவுகளை உண்டாக்கினர். அவ்வாறு வளர்ந்த தென்னையும் மாவும் பலாவும் போர்க்காலத்திற் பெருமளவில் அழிந்தன. 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் மக்கள் மீளக் குடியேறி, 2012 தொடக்கம் இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழும் பிற திட்டங்களின் கீழும் வீடுகள் எழுந்தபோது, பல வளவுகளில் வீடு நின்றது, நிழல் இல்லை. இன்றும் இத்தகைய வெறும் வளவுகள் உள்ளன. அவற்றைத் திருத்த முற்படுவோர்க்கே இப்பிரசுரம்.

முதலிற் கூறவேண்டியது பாதுகாப்பைப் பற்றியது. கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதி பெறாத நிலத்தில் மண்வெட்டியை வைத்தலாகாது. குழி தோண்டும்போது அறிமுகமற்ற உலோகப் பொருள் தென்படின், அதனைத் தொடாது விலகி, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவித்தல் வேண்டும். பழைய குப்பைமேட்டின் மேல் தீ மூட்டுவதும் ஆபத்தானது.

அடுத்து, ஒரு செடியையும் நடுமுன்னர் வளவைத் தடியாலும் கயிற்றாலும் அளந்து நிலத்திலே குறித்துக்கொள்ளுதல் வேண்டும். கால் ஏக்கர், அஃதாவது நான்கு பரப்புக் காணி, ஏறக்குறைய 100 அடி அகலமும் 109 அடி நீளமும் உடையது. வீடு, கிணறு, மலசலகூடம், வாயில், மழைநீர் ஓடும் திசை ஆகிய ஐந்தையும் முதலிற் குறித்தால், மரங்களுக்கு எஞ்சிய இடம் நினைத்ததிலும் சிறிதென்பது அப்போதே விளங்கும்.

வன்னியில் இரு காற்றுக்கள் ஆட்சி செய்கின்றன. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வறண்டு வீசும். மாரியில் வடகிழக்கிலிருந்து வாடை மழையோடு வரும். ஆகவே கோழிக்கூட்டை வளவின் தென்மேற்கு மூலையில் வைத்தால் கோடை முழுவதும் நாற்றம் வீட்டுக்குள் வரும். வடகிழக்கில் வைத்தால் எச்சம் நனைந்து நாறும் மாரியில் அதே துன்பம். தென்கிழக்கு, வடமேற்கு ஆகிய இரு மூலைகளே இரு காற்றுக்கும் தப்பியவை. இவ்விரண்டில், கிணற்றுக்கு எட்டியதும் கிணற்றிலும் தாழ்ந்ததுமான மூலையைத் தெரிவு செய்க. மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 50 அடியேனும் இருத்தல் வேண்டும் என்னும் விதி பலரும் அறிந்ததே. கூட்டையும் அதே அளவிற்குத் தள்ளிவைத்தல் நன்று.

மரங்களுக்கு முன் வேலி அமைதல் வேண்டும். கட்டாக்காலி மாடு ஓரிரவிலே ஓராண்டு உழைப்பை மேய்ந்துவிடும். உலர்ந்த கம்பங்களைக் கறையான் தின்றுவிடுதலால், முட்கம்பி அடிப்பவரும் உயிருள்ள கதியால்களையே தூணாகக் கொள்ளுதல் சிக்கனமாகும். கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவை ஆகிய மூன்றும் இதற்கு ஏற்றவை. மணிக்கட்டுப் பருமனும் ஐந்து அல்லது ஆறு அடி நீளமும் உள்ள தடிகளை, முதல் மாரிமழை மண்ணை நனைத்தவுடன் ஓரடிக்கு மேல் ஆழமாக நட்டு, அடிமண்ணை இறுக்கி மிதித்தல் வேண்டும். ஒன்றரை அடிக்கு ஒன்றாக நடின், மேலே கூறிய காணியைச் சுற்றி ஏறத்தாழ 280 கதியால் தேவைப்படும். அவை வேர்கொள்ளும் வரை இடைவெளிகளை அலம்பலாலோ பனைமட்டையாலோ அடைத்துக்கொள்ளலாம். சீமைக்கிளுவையின் குழை வயலுக்குச் சிறந்த பசளை, ஆட்டுக்கும் உணவு. எல்லைக் கற்களைக் கண்டறிந்து, அயலவர் முன்னிலையிற் கயிறு பிடித்த பின்னரே முதற் கதியாலை நாட்டுக. ஒரு சாண் நிலத்துக்காகத் தலைமுறைகளாக வழக்காடிய குடும்பங்கள் எந்த ஊரிலும் உண்டு.

காட்டோரக் கிராமங்களில் வேலி யானையைத் தடுக்குமென எண்ணுதல் வீண். வாழை, இளந்தென்னை, பழுத்த பலா, வீட்டிற் சேமித்த நெல் என்பனவே அதனை அழைப்பவை. அவ்விடங்களில் வாழையைப் படுக்கையறைச் சுவரோரம் நடலாகாது. வேலிக் கம்பியில் வீட்டு மின்சாரத்தைப் பாய்ச்சுதல் சட்டவிரோதமானது மட்டுமன்று. அதனால் முதலில் மாள்வது பெரும்பாலும் அவ்வீட்டுப் பிள்ளையோ அயலவரோ ஆவர்.

மரங்களுள் மாவுக்கு முதலிடம். பிற்பகல் வெயிலும் சோளகமும் மேற்குப் புறத்தையே தாக்குதலால், கறுத்தக்கொழும்பான் ஒட்டுக்கன்றொன்றை வீட்டின் மேற்கே சுவரிலிருந்து 25 அடி தள்ளி நடலாம். தென்னைக்குத் தென்னை 26 அடி இடைவெளி வேண்டும். எல்லையிலிருந்து 13 அடி உள்ளே நட்டால் தேங்காய் அயலவர் கூரையில் விழாது. மூன்றடிக் குழியின் அடியிற் பொச்சுமட்டைகளைத் தும்புப் பக்கம் மேலிருக்க இரு வரிசையாக அடுக்கி மண்ணிட்டால், கோடையில் ஈரம் தங்கும். பலா நீர் தேங்கும் பள்ளத்தில் நிலைக்காது. அதனை மேட்டில் வைக்க. முருங்கை மரம் முறியும் இயல்பினது, மசுக்குட்டியும் மொய்க்கும். ஆதலால் அது வேலியோரத்துக்கே உரியது. தேசி, மாதுளை, கறிவேப்பிலை என்பன எங்கும் பொருந்தும். வாழையும் பப்பாசியும் கிணற்றடிக் கழிவுநீரிலே செழிக்கும். பெருமரங்கள் காய்க்கும் வரை குடும்பத்துக்குப் பயன் தருவனவும் இவையே.

கன்று நடும் காலமும் காலபோக விதைப்பும் ஒன்றாய் வருதலே பெரும்பாலானோர்க்குத் தடையாகின்றது. வயலில் வேலை தொடங்கியபின் குழி தோண்ட ஆளும் கிடையாது, நேரமும் இராது. எனவே ஆவணியிலேயே குழிகளைத் தோண்டி ஆறவிட்டு, மேல்மண்ணும் மக்கிய எருவும் இட்டு வைத்து, ஐப்பசி மழையிற் கன்றை மட்டும் நடுதல் வேண்டும். மாசிக்குப் பின்னர் நட்ட கன்று குடத்து நீரை நம்பியே வாழும். நீர் அரிதான இடங்களில், அடியிற் சிறு துளையிட்ட மண்முட்டியைக் கன்றின் அருகே புதைத்து நீர் நிரப்பிவந்தால், நீர் வேருக்கே சேரும்.

பத்துக் கோழிகள் இரவில் அடைய நான்கடி அகலமும் ஆறடி நீளமும் உள்ள கூடு போதும். நீளப் பக்கம் கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் நேரே உள்ளே விழாது. நிலத்திலிருந்து மூன்றடி உயர்த்தி, எச்சம் கீழே விழுமாறு ஓரங்குல இடைவெளியிற் சலாகைகளைத் தளமாக அடிக்க. கால்களைச் சுற்றித் தகரம் பொருத்தினால் பாம்பும் எலியும் ஏறமாட்டா. மரநாயும் காட்டுப்பூனையும் தளர்ந்த கம்பிவலையைப் பிய்த்துவிடுமாதலால், அரை அங்குலக் கண்ணுள்ள உறுதியான வலையை நான்கு பக்கமும் ஆணியடித்து இறுக்குதல் வேண்டும். இராணிக்கெட் நோய்க்கெதிரான தடுப்பு மருந்து ஏற்றாத கோழிகள் ஒரு வாரத்திலே முழுவதும் மடியக்கூடும்; குஞ்சு வாங்கிய நாளிலேயே அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் மருந்தேற்றும் நாளைக் கேட்டறிக.

கோழியும் மரக்கறியும் ஒரே வேலிக்குள் ஒத்துப்போகா. நாற்றுமேடைக்கும் கத்தரிப் பாத்திக்கும் தனி அடைப்பு வேண்டும். புதிய எச்சம் செடியைக் கருக்கும்; உமியுடன் கலந்து மூன்று மாதம் மக்கவிட்ட பின்னரே மரத்தடிக்கு இடுக. எருக்குவியலைத் தென்னையருகே வைத்தால் அதில் வண்டுகள் முட்டையிட்டுப் பெருகித் தென்னங்குருத்தைத் துளைக்கும். குவியலை மாதமொருமுறை கிளறிக் கோழிகளை விட்டால், புழுக்களை அவையே பொறுக்கித் தின்னும்.