குமரப்பா படித்த வணிகமும் பண்ணைப்புரம் படிக்க வேண்டிய வணிகமும்

பண்ணைப்புரத்தில் பி.காம். முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் அடுத்த பேச்சு எம்.பி.ஏ. பற்றித்தான். உத்தமபாளையத்திலோ போடியிலோ பட்டம் வாங்கியாயிற்று. இனி டான்செட் நுழைவுத்தேர்வு எழுதிக் கோவைக்கோ சென்னைக்கோ அனுப்பிவிட்டால் வேலைக்குக் கவலையில்லை என்று தாய்மாமன் ஒருவர் சொல்வார். அனுப்பட்டும். ஆனால் வணிகத்தில் முதுகலை படிக்கப் போகிற பிள்ளை, தன் ஊரைச் சுற்றி என்ன வணிகம் நடக்கிறது என்பதை முதலில் ஒரு முறை நின்று பார்க்க வேண்டும். வகுப்பில் எதைக் கேட்க வேண்டும் என்பது அப்போதுதான் பிடிபடும்.

தேவாரம் வழியாகப் பஸ் ஏறினால் போடிநாயக்கனூர். அங்கே நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் இருக்கிறது. மலையில் காய வைத்த ஏலக்காயைத் தோட்டக்காரர் ஏல நிறுவனத்திடம் ஒப்படைக்கிறார். ஒவ்வொரு குவியலிலிருந்தும் எடுத்த மாதிரி வியாபாரிகள் கைக்குப் போகிறது. நிறம், பருமன், லிட்டர் எடை எல்லாம் பார்த்துக் கணினியில் விலை கேட்கிறார்கள். 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட காய்க்குத் தனி மதிப்பு. அந்தக் காயைப் பறிக்க விடியுமுன் ஜீப் ஏறிக் கம்பம் மெட்டும் போடிமெட்டும் தாண்டிப் போகிற பெண்களின் கூலி, ஜீப் வாடகை, உலர்த்தும் செலவு, ஏலக் கமிஷன், பணம் கைக்கு வரும்வரை ஏறும் கடன் வட்டி என்று எல்லாமே அந்த விலைக்குள் அடங்கியாக வேண்டும். அடக்கவிலைக் கணக்கு, சந்தை, தொழிலாளர் நலன், நடைமுறை மூலதனம் என்று எம்.பி.ஏ.வில் தனித்தனித் தாள்களாக வருபவை இங்கே ஒரே மூட்டைக்குள் கிடக்கின்றன.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் கிடைத்துவிட்டது, ஆனால் பறித்த பழம் காத்திருப்பதில்லை. அந்தப் பெயரை விலையாக மாற்றத் தெரிந்தவர்கள்தான் இப்போது தேவை.

இந்த இடத்தில் ஜே.சி. குமரப்பாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர், லண்டனில் தேர்ச்சி பெற்ற கணக்காயர். முப்பது வயதைத் தாண்டிய பிறகு அமெரிக்கா போய் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகமும், கொலம்பியாவில் பேராசிரியர் செலிக்மனிடம் பொது நிதியில் முதுகலையும் படித்தார். இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று அவர் அங்கே பேசியது பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்த செலிக்மன், அதையே ஆய்வாக எழுதச் சொன்னார். படிப்பின் திசையே மாறிவிட்டது. 1929இல் காந்தியைச் சந்தித்தார். காந்தி அவரை அனுப்பிய இடம் குஜராத்தின் மாதர் தாலுகா. குஜராத் வித்யாபீட மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விவசாயக் குடும்பங்களின் வரவுசெலவை எழுதி வாங்கினார். வணிகக் கல்வி என்றால் அதுதான் என்று நான் நினைக்கிறேன். 1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தின் செயலாளராகி, வார்தாவில் எண்ணெய் ஆட்டுவதும் காகிதம் செய்வதும் பயிற்றுவிக்கப்படும் இடமாக அதை வளர்த்தார். கடைசி ஆண்டுகளை மதுரைப் பக்கம் டி.கல்லுப்பட்டியில் கழித்து, 1960 ஜனவரி 30 அன்று மறைந்தார். அந்த ஊர் நம்மிடமிருந்து அதிக தூரமில்லை.

வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல் பக்கம் போனால் காந்திகிராமம். டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் எழுப்பிய அந்த வளாகத்தில் 1956இல் தொடங்கிய கிராமியக் கல்வி நிலையம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. கிராமத் தொழிலையும் மேலாண்மையையும் ஒரே துறையில் சேர்த்துக் கற்பித்த இடம் அது. கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளைகள் கோவைக்கு விண்ணப்பிக்கும்போது இதையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

கல்லூரி முடித்த கையோடு எம்.பி.ஏ. சேர வேண்டும் என்ற அவசரம் எனக்குச் சரியாகப் படவில்லை. இதே பண்ணைப்புரத்து இளையராஜா, பதின்பருவத்திலேயே அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகப் போய் வாசித்து, அதன் பிறகே சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை முறையாகப் படித்தார். கை பழகியவருக்கு இலக்கணம் வேகமாக ஏறும். இரண்டு வருடம் ஏலக் கம்பெனியிலோ நூற்பாலைக் கணக்குப் பிரிவிலோ வேலை பார்த்துவிட்டு எம்.பி.ஏ. சேர்கிறவருக்கு ஒவ்வொரு தாளும் தெரிந்த முகமாக இருக்கும்.

வேலையை விட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்குத் தொலைநிலைக் கல்வி இருக்கிறது. சேரும் முன் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. அந்தப் படிப்புக்கு, அந்த ஆண்டில், பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

கடைசி செமஸ்டர் ஆய்வறிக்கைக்குப் பலரும் ஏதோ ஒரு வங்கியின் வாடிக்கையாளர் திருப்தியை எடுத்துக்கொள்கிறார்கள். மாணவர்களே, ஓர் ஏக்கர் ஏலத்தோட்டத்தின் ஓராண்டு வரவுசெலவை எடுங்கள். பருவத்தின் முதல் வேலையிலிருந்து ஏலப்பணம் வரும் நாள் வரை எழுதுங்கள். ஆங்கிலப் பிரதியைக் கல்லூரிக்குக் கொடுங்கள். தமிழ்ப் பிரதி ஒன்றை, கணக்குச் சொன்ன தோட்டக்காரரிடம் கொடுங்கள். அடுத்த பருவம் எந்தச் செலவைக் குறைக்கலாம் என்று அவர் உங்களிடமே கேட்பார்.