கொட்டகை போடும் முன் புலப்படத்தைப் பாருங்கள்

சம்பா அறுவடை நேரத்தில் டெல்டா விவசாயிக்கு வானத்தைப் பார்ப்பதிலேயே பாதிப் பொழுது போய்விடும். 2023 பிப்ரவரியில் பெய்த பருவம் தவறிய மழையால், நெல் கொள்முதலுக்கான ஈரப்பத வரம்பை 17 சதவீதத்தில் இருந்து 20 சதவீதம் வரை மத்திய அரசு தளர்த்த வேண்டி வந்தது. பத்தாயமும் குதிரும் வீடுகளில் அரிதாகிவிட்ட நிலையில், கொல்லையிலோ களத்து மேட்டிலோ ஒரு தகரக் கொட்டகை இருந்தால் நெல்லைக் காப்பாற்றலாம். ஆனால், அதை எந்த இடத்தில் போடுகிறோம் என்பது முக்கியம்.

வேளாண் மண்டலச் சட்டம் தடுக்கிறதா?

பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் கொட்டகை கட்டக்கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. 2020-ம் ஆண்டுச் சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயு புதிய திட்டங்கள், தோல் பதனிடும் ஆலை, தாமிர உருக்காலை போன்றவற்றைத்தான். கொட்டகைக்குப் பொருந்துவது 2019-ம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். இவை கிராம ஊராட்சிகளுக்கும் பொருந்தும்.

மூன்று வகை இடங்கள்

நத்தம்: வீட்டுக் கொல்லை நத்தம் பட்டாவில் இருந்தால் சிக்கல் குறைவு. வரைபடத்துடன் ஊராட்சியில் விண்ணப்பிக்கலாம். 2024-ல் வந்த சுயசான்று அனுமதி வீடுகளுக்கானது. கிடங்குக்கு அதை நம்பி இறங்க வேண்டாம்.

நன்செய்: விவசாய உபயோகப் பகுதியில் வேளாண் பணிக்கான கட்டடங்களை விதிகள் ஏற்கின்றன. அதே கொட்டகையை வியாபாரிக்குக் கிடங்காக வாடகைக்கு விட்டால் கதை வேறு. அது நிலப் பயன்பாட்டு மாற்றமாகிவிடும். திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள நன்செய் என்றால், 2017 விதிகளின்படி மாவட்ட ஆட்சியரின் இசைவு வரை போக வேண்டும்.

புறம்போக்கு: வாய்க்கால் கரை, குளத்தங்கரை, பாதையோரம் ஆகியவை கூடவே கூடாது. 1905-ம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமும், ஏரி, குளங்களுக்கான 2007-ம் ஆண்டுச் சட்டமும் அகற்ற அதிகாரம் தருகின்றன. வரி ரசீது பட்டா ஆகாது. கரையை அடைத்தால் வெள்ள காலத்தில் வாய்க்கால் தூர்வார இயந்திரம் போக முடியாது. பக்கத்து வயலும் சேர்ந்து மூழ்கும்.

என்ன செய்யலாம்?

முதலில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் நான்கையும் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணை உறுதி செய்யுங்கள். எல்லையில் சந்தேகம் இருந்தால் அளந்த பிறகே கால் நடுங்கள். ஊராட்சியிடம் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். 2020-ல் தொடங்கிய வேளாண் உட்கட்டமைப்பு நிதியில் ரூ.2 கோடி வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. அதற்கு வங்கிக்குப் போனாலும் நில ஆவணத்தைத்தான் முதலில் கேட்பார்கள். மோட்டாருக்கான இலவச மின்சாரத்தைக் கொட்டகைக்கு இழுக்காதீர்கள். தனி இணைப்பு கேளுங்கள்.

கட்டும்போது

தரையை வெள்ள மட்டத்துக்கு மேல் உயர்த்துங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் எத்தனை கூரைகளைப் பிய்த்துப்போட்டது என்பதை டெல்டா மறக்கவில்லை. தகரத்தைக் கொக்கி போல்ட் போட்டு இறுக்குங்கள். மூட்டைகளைச் சுவரில் சாய்க்காமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்குங்கள். விதை நெல்லின் ஈரப்பதம் 13 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. வைக்கோல் போர் கொட்டகையை ஒட்டி இருக்க வேண்டாம்.

கொட்டகைக்குச் செலவழிப்பது ஒரு போக வருமானம். அதை நம் பட்டா நிலத்தில் நிறுத்தினால்தான் அது நமக்கு நிற்கும்.