மாட்டுப் பொங்கலன்று மாடுகளைப் படம் எடுக்கும் முறை

தை 2-ஆம் நாள் மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் தீட்டி, மாலையும் சலங்கையும் அணிவித்து, பூசை முடிந்த பிறகே பெரும்பாலான வீடுகளில் படம் எடுக்கிறார்கள். அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கூட்டத்தையும் கூச்சலையும் கண்டு மாடும் மிரண்டிருக்கும். அந்தப் படத்தில் மாலை தெரியும், மாடு தெரியாது. விற்பனைக்கோ, காப்பீட்டுக்கோ, காணாமற்போன மாட்டைத் தேடவோ அது உதவாது. எனவே அலங்காரத்திற்கு முன் ஒரு படமும், பின் ஒரு படமும் எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்கு உங்கள் கையிலுள்ள செல்போனே போதும்.

வெளிச்சம்

காலை 7 மணி முதல் 8.30 மணி வரையிலும், மாலை 4.30 மணிக்கு மேல் வெயில் மறையும் வரையிலும் உள்ள சாய்வான வெளிச்சமே ஏற்றது. உச்சி வேளையில் திமில், முதுகு ஆகியவை மட்டும் பளிச்சென்று தெரியும். கண்ணும் மடியும் நிழலில் கறுத்துப்போகும். காலையில் மாட்டை வடக்கு தெற்காக நிறுத்தி, நீங்கள் கிழக்கே நின்று எடுங்கள். மாலையில் மேற்கே நில்லுங்கள். தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், மாட்டின் தலை தெற்கு நோக்கியிருந்தால் முகத்திலும் வெளிச்சம் விழும். உங்கள் நிழல் மாட்டின் மேல் விழாதபடி சற்று ஒதுங்கி நிற்க வேண்டும்.

பகலில்தான் எடுக்க முடியும் என்றால் கொட்டகைக் கூரையின் ஓரத்து நிழல் நல்லது. மர நிழல் வேண்டாம். இலைகளுக்கு இடையே விழும் புள்ளி வெயில் வெள்ளைப் பசுவை மறைப்பசு போலக் காட்டிவிடும். வாங்க வருபவர் குழம்புவார்.

வெள்ளை மாட்டுக்கும் கறுப்பு மாட்டுக்கும் ஒரே வெளிச்சம் ஒத்துவராது. சுற்றுப்புறம் கருமையாக இருந்தால் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டும். அப்போது காங்கேயம் பசுவின் உடல் வெளுத்து, விலாவும் தோள்பட்டையும் தெரியாமற்போகும். செல்போன் திரையில் மாட்டின் உடலைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து எடுக்க வேண்டும். எருமைக்கு இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். குளிப்பாட்டிய உடனே எடுக்க வேண்டாம். ஈரமான மயிர் நிறத்தை அடர்த்தியாகக் காட்டும்.

நிறுத்தும் விதம்

மாட்டின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்துள்ளதால், அது 300 பாகைக்கு மேல் சுற்றிலும் பார்க்க வல்லது. ஆனால் நேர் பின்னால் இருப்பது அதற்குத் தெரியாது. எனவே பின்புறமாக நெருங்காமல், தோள்பட்டைப் பக்கமாக, அது பார்க்கும்படி மெதுவாக வாருங்கள். பழகாத ஆள் படம் எடுப்பதைவிட வீட்டுப் பிள்ளைகள் எடுப்பதே மேல். பொலிகாளை, சல்லிக்கட்டுக் காளை ஆகியவற்றின் அருகில் மட்டும் சிறுவர்களை விட வேண்டாம்.

குளம்புகள் புல்லில் மறையாத சமதரையில் நிறுத்துங்கள். முன்னங்கால்கள் இரண்டு மூன்று அங்குலம் மேடான இடத்தில் இருந்தால் முதுகு நேராகத் தெரியும். நான்கு கால்களும் ஒன்றையொன்று மறைக்காமல் இருக்க வேண்டும். கறவைப் பசுவானால் பின்னங்காலை ஓர் அடி நகர்த்தியாவது மடி தெரியும்படி நிறுத்துங்கள். மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்தால் மாடு தலையைத் தூக்கிக் கண்ணை உருட்டும், கயிறு தளர்ந்திருக்கட்டும். பருத்திக்கொட்டை வாளியுடன் ஒருவர் உங்கள் பின்னால் நின்று மெல்ல ஆட்டினால், மாடு காதை முன்னே நீட்டிப் பார்க்கும். அந்தக் கணத்தில் எடுங்கள். கன்று ஈன்ற பசுவுக்குக் கன்றைக் காட்டினாலே போதும், வாளி தேவையில்லை. கைதட்டுதல், பட்டாசு, கொட்டு எதுவும் வேண்டாம்.

நீங்கள் சுமார் 15 அடி தள்ளி, முழங்காலிட்டு, கேமராவை மாட்டின் விலா உயரத்தில் பிடிக்க வேண்டும். கிட்ட நின்றால் தலை பெருத்தும் உடல் சிறுத்தும் விழும். நின்றபடி எடுத்தால் கால்கள் குட்டையாகத் தோன்றும். பின்னால் தென்னை மரம் இருந்தால் திமிலிலிருந்து மரம் முளைத்தது போல இருக்கும்! வெறும் சுவரோ வைக்கோற்போரோ போதும். பிளாஷ் விளக்கைப் பயன்படுத்தாதீர்கள். மாட்டின் விழிக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உண்டு. அதனால் படத்தில் கண் பச்சையாக ஒளிரும். திடீர் வெளிச்சத்தால் மாடு துள்ளவும் கூடும்.

அடையாளப் படங்கள்

இரு பக்கவாட்டுப் படங்களுடன், முகத்தை நேராகக் காட்டும் படம் ஒன்றும், காதுவில்லையின் 12 இலக்க எண் படிக்கும்படியான படம் ஒன்றும் தேவை. காப்பீடு செய்யும்போது இவை கேட்கப்படும். கொம்பின் இயல்பான நிறமும் நுனியும் வண்ணம் பூசுமுன் பதிவாகட்டும். சுழிகளையும் கிட்டத்தில் எடுங்கள். சுழியின் பலன் பற்றி உங்களுக்கும் தரகருக்கும் எத்தனை வழக்கு இருந்தாலும், அது ஆயுள் முழுவதும் மாறாத அடையாளம் என்பதில் ஐயமில்லை. மூக்கு நுனியின் வரிகளும் நம் கைரேகையைப் போல மாட்டுக்கு மாடு வேறுபடும். மூக்கைத் துணியால் துடைத்துவிட்டு நேர்முகமாக எடுத்தால் அவை தெளிவாக விழும்.

காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருந்து, ஏறக்குறைய ஆறு மாதத்தில் சாம்பல் நிறமாக மாறும். உம்பளாச்சேரிக் கன்றும் நிறம் மாறுவதே. ஆகவே கன்றின் படத்தை அடுத்த பொங்கலுக்குள் மீண்டும் எடுக்க வேண்டும்.

ஆடு, நாய் முதலியவற்றுக்கும் இதே முறைதான். ஆனால் தரையோடு அமர்ந்து, அவற்றின் கண் மட்டத்தில் எடுக்க வேண்டும். இராஜபாளையம் நாய்க்கு வெள்ளை மாட்டுக்குச் சொன்னதே பொருந்தும்.

படங்களின் கீழ் தேதி, பல் எண்ணிக்கை, ஈத்து ஆகியவற்றைக் குறித்து, வீட்டிலுள்ள மற்றொரு செல்போனிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.