சொட்டுச் சொட்டா ஆயில்... சீல் மேல பழியா?

வண்டி நின்ன இடத்துல கறுப்பா ஒரு வட்டம். உடனே தீர்ப்பு ரெடி: ‘சீல் போயிடுச்சு, மாத்திடு!’ மெக்கானிக்கல் நண்பர்களே, ஒரு நிமிஷம். சில இன்ஜின்களில் எத்தனை சீல் மாத்தினாலும் ஒழுகல் திரும்பி வரும். கோளாறு ரப்பர்ல இல்லை, அதை உட்கார வெச்ச விதத்துல!

அமெரிக்காவின் செவர்லே கம்பெனி 1955-ல் இறக்கிய ‘ஸ்மால் பிளாக்’ வி8 இன்ஜினையே எடுத்துக்குங்க. கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் ஃப்ளைவீல் மாட்டுற இடம் இருக்கே, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி இருக்கிறதுதான் ரியர் மெயின் சீல். உள்ளே ஆயில், வெளியே கிளட்ச். இந்த சீல் ரொம்ப வருஷம் ரெண்டு பாதியாவே இருந்தது. மேல் பாதி பிளாக்கில், கீழ் பாதி பேரிங் கேப்பில். பாதிகள் சேருகிற ரெண்டு முனையும் ஆயிலுக்குத் திறந்துவிட்ட வாசல். மெக்கானிக்குகள் விடுவாங்களா? சீல் மூட்டும் கேப் மூட்டும் ஒரே கோட்டில் வராதபடி லேசா திருப்பி வெச்சு, முனையில் ஒரு பொட்டு சீலன்ட் தடவுவாங்க. சமாளிப்புதான்!

1986 மாடலில் மூட்டே இல்லாத முழு வளையத்துக்கு மாறினாங்க. ‘இவ்வளவுதானா’ன்னு கேட்காதீங்க. முழு வளையம் நுழையணும்னா ஷாஃப்ட்டின் பின்தட்டு சின்னதா, ஒரே வட்டமா இருக்கணும். பழைய தட்டிலோ பேலன்ஸுக்காக ஒரு எடையைச் சேர்த்தே செஞ்சிருந்தாங்க. அந்த எடை ஃப்ளைவீலுக்கு இடம் மாறிச்சு. போல்ட் வட்டம் 3.58 அங்குலத்திலிருந்து 3 அங்குலமாச்சு. சீலைப் பிடிக்கத் தனி ஹவுசிங், அதுக்கேத்த பிளாக்... ஒரு வளையத்துக்காக இத்தனை! பழைய ஃப்ளைவீலைப் புது ஷாஃப்ட்டில் மாட்டவே முடியாது. இன்னொரு தலைவலியும் உண்டு. பழசுல சம்ப்பையும் கேப்பையும் கழட்டினா போதும், சீலை மாத்திடலாம். புதுசுக்கு கியர் பாக்ஸையே இறக்கணும். ஆனாலும் இந்த மாற்றம் சரியானதுன்னுதான் நான் சொல்வேன். அடிக்கடி சுலபமா மாத்துறதைவிட, மாத்தவே தேவையில்லாம இருக்கிறது மேல் இல்லையா?

சரி, வளையம் முழுசானா போதுமா? சீலின் உதடு இறுக்கிப் பிடிக்கிறதாலதான் ஆயில் நிக்குதுன்னு நினைச்சா, பாதி உண்மைதான். உதட்டுக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவுல மைக்ரான் கணக்கில் ஓர் ஆயில் படலம் இருக்கும். அது இல்லைன்னா உதடு கருகிடும். உதட்டின் ரெண்டு பக்கச் சரிவும் வேற வேற கோணத்தில் இருக்கும். ஷாஃப்ட் சுத்தும்போது கசியப் பார்க்கிற ஆயிலை அதுவே உள்ளே தள்ளிடும். குட்டி பம்ப்!

இந்த பம்ப்புக்கு எதிரி, ஷாஃப்ட் மேல இருக்கிற லேத் கோடுகள். ஸ்க்ரூ மரை மாதிரி சுருளா ஓடுற அந்தக் கோடுகள், சுத்துற திசையைப் பொறுத்து ஆயிலை வெளியே இறைச்சுடும். அதனால்தான் கிரைண்டிங் கல்லைப் பக்கவாட்டில் நகர்த்தாம நேரா உள்ளே செலுத்தித் தேய்க்கிறாங்க. சொரசொரப்பு 0.2 முதல் 0.8 மைக்ரானுக்குள்ள இருக்கணும். ரொம்ப வழவழன்னு ஆனாலும் படலம் தங்காது.

ஒர்க் ஷாப்பில் கியர் பாக்ஸை இறக்குறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க. இன்ஜினின் ப்ரீதர் வால்வு அடைச்சிருந்தா, உள்ளே அழுத்தம் ஏறி நல்ல சீலையும் ஒழுக வெச்சிடும். மேலே வால்வ் கவர் கேஸ்கெட்டில் கசியுற ஆயிலும் பின்பக்கமா வழிஞ்சு, கிட்டத்தட்ட இதே இடத்தில்தான் சொட்டும்.