இரு சொற்கள், ஒரே நெருப்பு



பிழைப்பைத் தேடி மும்பைக்கு வந்து, மரச்சாமான்களுக்கு வர்ணம் பூசும் பட்டறையொன்றில் சேர்ந்திருந்த வாலிபர் ஒருவரின் அறைக்கு ஒருமுறை சென்றிருந்தேன். ஸ்டவ்வின் அருகிலேயே தின்னர் டின் ஒன்று இருந்தது.

"தம்பி, இது தீப்பிடிக்குமே!" என்றேன்.

"இல்லை ஐயா. இன்ஃபிளேமபிள் என்று டின்னிலேயே போட்டிருக்கிறது. ஃபிளேமபிள் என்றால் தீப்பிடிக்கும். முன்னால் 'இன்' வந்தால் பிடிக்காது என்றுதானே அர்த்தம்?" என்றார்.

அந்த டின்னை உடனே வெளியே வைக்கச் செய்தேன்.

அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை. நாமும் பள்ளியில் அப்படித்தான் கற்றோம். 'கரெக்ட்' சரியானது, 'இன்கரெக்ட்' தவறானது. 'விசிபிள்' கண்ணுக்குப் புலப்படுவது, 'இன்விசிபிள்' புலப்படாதது. நம் மொழியிலும் நீதிக்கு முன் ஓர் 'அ' சேர்ந்தால் அநீதியாகிவிடுகிறதே!

ஆனால் இலத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த 'இன்' இருவகைப்படும். ஒன்று 'இல்லை' எனப் பொருள்படும். மற்றொன்று 'உள்ளே' எனப் பொருள்படும். 'இன்ஃபிளேமபிள்' என்பதில் இருப்பது இரண்டாவது வகை. தீமூட்டுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினைச்சொல்லிலிருந்து அது பிறந்தது. ஆகையால் அதன் பொருள் எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதே. 'ஃபிளேமபிள்' என்பது பிற்காலத்தில், 19ஆம் நூற்றாண்டில், வழக்கிற்கு வந்த சொல். அதற்கும் அதே பொருள்தான். வடிவத்தில் வேற்றுமை உண்டு, பொருளில் இல்லை.

இந்தக் குழப்பம் உயிரைப் பறிக்கக்கூடும் என்று உணர்ந்த அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம், 1920களிலேயே 'ஃபிளேமபிள்' என்ற சொல்லையே பயன்படுத்தும்படி வலியுறுத்தியது. நம் நாட்டிலோ பெட்ரோல் டேங்கர் லாரிகளின் பின்புறத்தில் 'ஹைலி இன்ஃபிளேமபிள்' என்ற எழுத்துகளை இன்றும் காண்கிறோம். தீப்பற்றாத பொருளைக் குறிக்க வேண்டுமானால் 'நான்-ஃபிளேமபிள்' என்று எழுதுவார்கள். 'நான்' என்ற அந்த முன்னொட்டே இங்கு மறுப்பைக் காட்டுகிறது.

எழுத்தில் ஐயம் வந்தால் படத்தைப் பாருங்கள். சாய்சதுரக் கட்டத்துக்குள் தீச்சுடர் வரைந்திருந்தால் அது தீப்பற்றும் பொருள். பெட்ரோல், தின்னர் போன்றவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு பரவி, சற்றுத் தொலைவிலுள்ள அடுப்பையும் எட்டிவிடும். எனவே டின்னை மூடி வைத்தால் மட்டும் போதாது. சமைக்கும் அறையிலேயே அதை வைக்கலாகாது.

தெரியாத சொல்லைப் பிறரிடம் கேட்க வெட்கப்படாதீர்கள். தெரிந்ததுபோல் தோன்றும் சொல்லையும் ஒருமுறை கேட்டுத் தெளியுங்கள். இன்று இரவே உங்கள் பிள்ளைகளுக்கு இவ்விரு சொற்களையும் சொல்லிக்கொடுங்கள்.